எடுத்துட்டேன்

ஃபோல்டர் காலி.

ஜெபா அதை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். காலி. வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த லேப்டாப்பையே அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் காலி. அழித்த ஃபைல்கள் போய் விழுகிற குப்பைத் தொட்டியைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, எடை மேடைமேல் ஏறி நின்ற சாம்பல் லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.

"அக்கா, வண்டி நிக்குது," என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த ரம்யா.

"நிக்கட்டும்டி. இங்க என் மூச்சே நின்னுபோச்சு."

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து எடை மேடையில் ஜெபாவுக்கு ஒன்பது வருஷ வேலை. லாரி வரும், ஏறும், கம்ப்யூட்டர் எடை காட்டும், ஜெபா சீட்டு கிழித்துக் கொடுப்பாள், லாரி இறங்கிப் போகும். போகும்போது அதன் முதுகு தெரியும். அந்த முதுகின்மேல்தான் ஜெபாவுக்குப் பைத்தியம்.

'ஹாரன் அடிச்சா பறக்க நான் கொக்கு இல்ல.'

'முந்தாதே தம்பி, முன்னாடி போறது என் மாமியார்.'

'மெதுவாகக் கொல்லவும்.' செல்லவும் என்று எழுத வந்த பெயின்டருக்கு அன்றைக்கு என்ன கோபமோ!

லாரி முதுகில் எதைப் பார்த்தாலும் போனைத் தூக்கிவிடுவாள். ஒன்பது வருஷத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் படம். நான்கு பழைய போன்கள், பெயர் தெரியாத மெமரி கார்டுகள், தம்பி ஸ்டீபனின் கேமரா என்று அங்கங்கே சிதறிக் கிடந்தவற்றை மூன்று மாதமாக உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினாள். தம்பியிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இரவல் வாங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். ஒரே லாரி நாலு தரம் எடை போட்டு நாலு தரம் பதிவாகியிருந்தால் மூன்றைக் கழித்தாள். வண்டி நம்பரும் முதுகின் முதல் வார்த்தையும் சேர்த்து ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்தாள். அப்புறம் ரகம் பிரித்தாள். 'மாமியார்' ஒரு ஃபோல்டர். 'காதல் தோல்வி' ஒன்று. 'சாமி', 'கோபம்', 'தெலுங்கு', 'எழுத்துப் பிழை'. எதிலும் சேராதவை 'பெயின்டருக்கே வெளிச்சம்' ஃபோல்டருக்குப் போயின.

எல்லாம் முடிந்து முந்தாநாள்தான் டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றினாள். இடம் ஆகட்டும் என்று போன்களிலும் மெமரி கார்டுகளிலும் இருந்ததையும் துடைத்தாள். இணையத்தில் ஏற்றி வைக்கலாமென்றால், அங்கே கிடைத்த இலவச இடம் மாமியார் அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கே பத்தவில்லை.

அந்தக் குவியலில் முதல் படம் ஒன்று உண்டு. அதற்குத் தனி ஃபோல்டர்.

அன்பு அப்போது டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஜெபா எடை மேடைக்குப் புதுசு. தினமும் வந்து எடை போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவான். ஒருநாள் புதுப் பெயின்ட் வாசனையோடு வண்டி இறங்கிப் போனபோது பின்கதவில் 'ஜெபமே ஜெயம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெபாவே ஜெயம்' என்று பச்சை எழுத்து. பெயின்டர் தப்பாக எழுதிவிட்டான் என்று இன்றுவரை அன்பு சாதிக்கிறான். பெயின்டரோ, தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் எழுதினேன் என்கிறார். அந்த டிப்பர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஜெபாவுக்குப் புருஷனாகிவிட்ட அன்பு இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் வேலை செய்கிறான். அந்தப் பச்சை எழுத்துக்குச் சாட்சி இந்தப் படம் ஒன்றுதான்.

ஒன்றுதான். அதுவும் இப்போது இல்லை.

"அண்ணன் ஏதாச்சும் பண்ணியிருப்பாரா?" ரம்யா கேட்டாள்.

ஜெபாவுக்குச் சுரீரென்றது. நேற்று சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலிலிருந்து கத்திவிட்டுப் போனாள்: "அந்த லாரி படத்தை எல்லாம் எடுத்துடு! ஒரே ஊட்டுல வச்சிருக்கக் கூடாது!"

பென்டிரைவில் இன்னொரு காப்பி எடு, அதை வேப்பம்பட்டில் அம்மா வீட்டில் வைக்கலாம் என்று அர்த்தம். நெருப்போ தண்ணியோ திருடனோ, எது வந்தாலும் ஒரு வீட்டுக்குத்தானே வரும்?

காலை ஷிஃப்ட்டுக்குப் போன அன்பு, கம்பெனி வாசலிலிருந்து அனுப்பிய மெசேஜை மறுபடி திறந்தாள்.

'லாரி எல்லாம் எடுத்துட்டேன். இனிமே நிம்மதியா இரு.'

காலையில் படித்தபோது இனித்தது. இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ரம்யா, எடுத்துட்டேன்னா இன்னாடி அர்த்தம்?"

"காப்பி எடுத்துட்டேன்னு அர்த்தம்." ரம்யா யோசித்தாள். "இல்லன்னா... தூக்கிட்டேன்னு அர்த்தம்."

"லேப்டாப்பு மூச்சு வாங்குது, மேட்ச் பார்க்க முடியல, உன் லாரிங்களை எறக்குடின்னு ரெண்டு நாளா சொல்லிக்கினு இருந்தாரு."

"அழிச்சிருந்தா குப்பைத் தொட்டியில இருக்குமேக்கா?"

"அவரு குப்பையை அன்னன்னிக்கே கொட்டற ஆளு."

அன்புவுக்குப் போனைப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனியில் போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் விடும்வரை அன்பு நிலாவில் இருக்கிற மாதிரிதான்.

பதறாதே. ஸ்டீபனின் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே!

அப்போதுதான் ஜெபாவுக்கு நேற்றுத் தம்பியிடம் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஸ்டீபன் கல்யாண வீடியோக்காரன். அவனிடம் டிஸ்க்குகள் ஓட்டல் தட்டு மாதிரி. ஒரு கல்யாணம் முடிந்தால் கழுவி அடுத்த கல்யாணத்துக்கு. கொடுக்கும்போது ஜெபாவே சொல்லியிருந்தாள்:

"டேய், அதுல இருந்ததை எல்லாம் எடுத்துட்டேன்."

அவன் போனுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு மீஞ்சூரில் கல்யாணம். கேமரா பிடித்தால் அவன் போனை எடுக்க மாட்டான்.

வெளியே சாம்பல் லாரி மறுபடி ஹாரன் அடித்தது. டிரைவர் ஆதிநாராயணன் தலையை வெளியே நீட்டினார். ஆரம்பாக்கத்துக்காரர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு.

"இன்னாம்மா, என் வண்டிக்கு எடை பார்க்கிறியா, ஜாதகம் பார்க்கிறியா?"

வள்ளூர் அனல்மின் நிலையத்திலிருந்து செங்கல் செய்கிற கம்பெனிக்குச் சாம்பல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காலி வண்டியாகத் திரும்புகிறவர். போகிற வழியில்தான் மீஞ்சூர்.

ஜெபா சீட்டைக் கிழித்தாள். கைப்பையைத் தூக்கினாள். "ரம்யா, சீட்டு உன் பொறுப்பு!" என்றவள், அடுத்த நிமிஷம் லாரியின் கதவைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள்.

"நைனா, மீஞ்சூர்! பறங்க!"

"பறக்கறதா? என் வண்டி முதுகுல இன்னா எழுதியிருக்குது? நீதானே படம் புடிச்ச!"

"'நத்தையும் ஊர் போய்ச் சேரும்.'"

"தெரிஞ்சுதானே ஏறின?"

கவரைப்பேட்டை தாண்டும்வரை ஜெபா கதையைச் சொன்னாள். தச்சூர் கூட்டு ரோட்டில் வண்டி திரும்பும்போது ஆதிநாராயணன் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"இரு, இரு. தம்பிகிட்ட நீ எடுத்துட்டேன்னு சொன்ன. உன்கிட்ட உன் வீட்டுக்காரரு எடுத்துட்டேன்னு சொன்னாரு. எல்லாரும் எடுத்துட்டீங்க. யார்கிட்டயும் இல்ல!"

"சிரிக்காதீங்க நைனா, எனக்கு அழுகை வருது."

"எங்க பக்கம் தெலுங்குல இந்தப் பேஜாரே கிடையாது. எடுக்கறதுக்கு ஒண்ணு, தூக்கறதுக்கு ஒண்ணு."

"அப்ப எங்க ஊட்டுக்காரரைத் தெலுங்கு கத்துக்கச் சொல்றேன், மொதல்ல வண்டியை மிதிங்க!"

பொன்னேரியில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு ஜல்லி லாரி. ஜெபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், ஜல்லி லாரியின் முதுகைப் பார்த்தாள். 'என்னைப் பார்த்து ஏங்காதே, எனக்கும் வழி கிடைக்கல.'

கை தானாகப் போனை உயர்த்தியது. க்ளிக்.

"இந்த நேரத்துலயுமா?" ஆதிநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது என்கிட்ட இல்லாதது நைனா." சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது அவளிடம் இருப்பதே இது ஒன்றுதான்.

மீஞ்சூர் மண்டப வாசலில் லாரி நின்றபோது, பூமாலை கட்டிய காருக்குப் பின்னால் சாம்பல் பறந்தது. வரவேற்பில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். ஜெபா குதித்து இறங்கினாள். தலையெல்லாம் சாம்பல். மேடையில் மணமக்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் கேமராவோடு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான் ஸ்டீபன்.

"டேய் ஸ்டீபா! ஹார்ட் டிஸ்க் எங்க?"

"அக்கா? இன்னாக்கா இது கோலம்? ஃப்ரேம்ல வராத, தள்ளு!"

"டிஸ்க் எங்கடா?"

"லேப்டாப்ல மாட்டியிருக்கேன். காலையில சர்ச்சுல எடுத்ததை எல்லாம் ஏத்தியாச்சு."

ஜெபா அவன் சட்டையைப் பிடித்தாள். "அதுல இருந்த என் லாரிங்க?"

"அதான் எல்லாம் எடுத்துட்டேன்னு நீயே சொன்னியே. நானும் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"ஃபார்மேட் பண்ணிட்டேன்."

"அதை அப்படியே சொல்லித் தொலையேன்டா!"

அவள் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை கேக்கைப் பெண்ணின் மூக்கில் ஊட்டிவிட்டான். மண்டபமே சிரித்தது. ஸ்டீபன் கேமராவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அக்காவை ஓரமாக அழைத்துப் போனான். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. திரும்ப மீட்கலாமே என்றாள் ஜெபா. மேலே ஒரு கல்யாணத்தையே ஏற்றிவிட்ட பிறகு அடியில் இருந்தது பெயர் இல்லாமல், வரிசை இல்லாமல், பாதி பாதியாக வந்தால் பெரிது என்றான் ஸ்டீபன்.

"அப்போ அன்பு மாமா?" என்றான் மெதுவாக.

"அவரும் எடுத்துட்டாராம்."

"எந்த எடுத்துட்டேன்?"

"அதைக் கேட்கத்தான் போறேன்."

கிளம்பியவள் கையில் பெண்ணின் அத்தை ஒருத்தி பிரியாணிப் பொட்டலத்தைத் திணித்தாள். யார், எந்த வீடு என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் ஓடுகிறாளே என்பதுதான் அவள் கவலை.

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அன்புவை மனதுக்குள் நாலு தரம் திட்டினாள். ஐந்தாவது தரம் பச்சை எழுத்து ஞாபகம் வந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டாள். போனது போகட்டும், அந்த ஒன்று மட்டும் இருக்கக் கூடாதா? ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிதானமாக நின்று நின்று போனது. இதன் முதுகில் நத்தை என்று எழுதவில்லையே தவிர, மற்றபடி அதே வேகம்தான்.

ஷேர் ஆட்டோவில் சிப்காட்டுக்குள் போய் இறங்கியபோது கம்பெனிச் சங்கு ஊதியது. கேட்டின் சின்னக் கதவு வழியாக நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்பு சிரித்துக்கொண்டே வந்தான். வாசலில் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு பெரிசானது. கிட்டே வந்ததும் சிறிசானது.

"இன்னா ஜெபா, மூஞ்சியெல்லாம் விபூதி? எப்ப மதம் மாறின?"

"யோவ், விளையாடாத. லாரி எல்லாம் எடுத்துட்டேன்னியே, அழிச்சிட்டியா, காப்பி எடுத்தியா?"

"ரெண்டும் இல்லியே."

"ரெண்டும் இல்லாம?"

"எடுத்துக்கினு வந்துட்டேன்."

ஜெபா அவனையே பார்த்தாள். அவள் கேட்ட இரண்டிலும் சேராத மூன்றாவது அர்த்தம் இது.

"நீதானே சொன்ன? எல்லாம் எடுத்துடு, ஊட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு?" அன்பு நியாயம் பேசினான். "அதான் கட் பண்ணி பென்டிரைவ்ல போட்டேன். கம்பெனி லாக்கர் மாதிரி பத்திரமான எடம் உண்டா? அங்க வச்சிடலாம்னு எடுத்துக்கினு வந்தேன்."

"ஒரே ஊட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னேன்யா! ஊட்டுலயே இருக்கக் கூடாதுன்னா சொன்னேன்? சரி, பென்டிரைவ் எங்க? குடு!"

அன்பு தலையைச் சொறிந்தான். "அது... கேட்டுல புடுங்கிட்டாங்க. பென்டிரைவ் உள்ள விட மாட்டாங்களாம். எனக்கு இன்னா தெரியும்? நான் இதுக்கு முன்னாடி பென்டிரைவோட வேலைக்கு வந்தவனா?"

செக்யூரிட்டி அறையில் முனுசாமி போன்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை. காக்கிச் சட்டை. ரொம்பக் கறாரான மனுஷன் என்று பெயர்.

"அண்ணே," என்றான் அன்பு, "காலையில வாங்கி வச்சீங்களே, ஒரு பென்டிரைவ்..."

முனுசாமி நிமிர்ந்தார். அன்புவைப் பார்த்தார். ஜெபாவைப் பார்த்தார்.

"அதுவா? ரூல்ஸ் தெரியும் இல்ல? கேட்டுல சிக்கினா உள்ள இருக்கறதை எடுத்துட்டுத்தான் குடுக்கணும்."

"எடுத்து..." என்று இழுத்தாள் ஜெபா. "எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

கேட்டைத் தாண்டி ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. ஜெபா அதன் முதுகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அன்பு அதைக் கவனித்தான். அவன் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் போய்விட்டது.

"ஜெபா... நான் வேணும்னு..."

"தம்பி," முனுசாமி குறுக்கிட்டார், "ஒண்ணு கேட்கணும். இதுல ஜெபான்றது யாரு?"

அவர் தன் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

திரை நிறைய ஒரு டிப்பர் லாரியின் பின்கதவு. அதில் பச்சை எழுத்து. 'ஜெபாவே ஜெயம்.'

ஜெபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்கலாம்னுதாம்மா தொறந்தேன்," என்றார் முனுசாமி. கறார் மீசை லேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. "மொத ஃபோல்டரு மாமியாரு. எனக்கும் ஒரு மாமியாரு இருந்தாங்க. படிக்க ஆரம்பிச்சேன். சிரிச்சுச் சிரிச்சு, உள்ள வந்த வண்டிக்காரன் எல்லாம் இன்னா இன்னான்னு எட்டிப் பார்க்கறான். நாஷ்டாவே ஆறிப்போச்சு. 'மெதுவாகக் கொல்லவும்' பார்த்தப்ப பொறை ஏறிடுச்சு. இதைப் போய் எவனாவது அழிப்பானா? ஒரு காப்பி எடுத்து இங்க போட்டுக்கினேன். பென்டிரைவும் அப்படியேதான் இருக்குது. தப்பா?"

"தப்பே இல்லண்ணே!" ஜெபா அழுதுகொண்டே சிரித்தாள். சாம்பலில் இரண்டு கோடு விழுந்தது. "இந்த ஊர்லயே எடுத்துட்டேன்னு சொல்லிட்டு ஒழுங்கா எடுத்தவரு நீங்க ஒருத்தருதான்!"

முனுசாமி டிராயரிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு ஜெபா பிரியாணிப் பொட்டலத்தை அவர் மேஜையில் வைத்தாள்.

அன்புவுக்குத் திடீரென்று பொறுப்பு வந்தது. "அண்ணே, கம்பெனி கம்ப்யூட்டராச்சே. ஆபீசர் பார்த்தா உங்களுக்குப் பேஜாரு. அதுல இருக்கறதை எடுத்துடு..."

"வாயை மூடு!" என்று அலறினாள் ஜெபா. "அந்த வார்த்தையைச் சொல்லாத! அண்ணே, நான் ஊட்டுக்குப் போய் எல்லாம் ஏத்திட்டு உங்களுக்கு போன் பண்றேன். அதுவரைக்கும் மவுசைத் தொடாதீங்க!"

முனுசாமி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "தொட மாட்டேன்மா. ஆனா அந்த ஜெபா யாருன்னு சொல்லவே இல்லியே?"

"அது பெயின்டரு தப்பா எழுதினதுண்ணே," என்றான் அன்பு.

"அப்படியா?" முனுசாமி ஜெபாவின் முகத்தைப் பார்த்தார். "நல்ல பெயின்டரு."

அன்று சாயங்காலமே படங்கள் லேப்டாப்பில் ஏறின. ஏறியதை ஜெபா ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்த்த பிறகுதான் முனுசாமிக்கு போன் போனது. அவரும் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் துடைத்தார், மாமியார் ஃபோல்டரை மட்டும் தன் போனில் வாங்கிக்கொண்டு. பென்டிரைவ் ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்குப் போய், அம்மாவின் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் உட்கார்ந்தது. ஸ்டீபன் புது ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நின்றான். அக்காவுக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம் என்றான். வீட்டில் 'எடுத்துட்டேன்' என்ற வார்த்தைக்குத் தடை வந்தது. காப்பி பண்ணினால் காப்பி, அழித்தால் அழிப்பு, கொண்டுபோனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஆதிநாராயணனின் லாரி எடை மேடையில் ஏறியது. அன்றைக்கு அன்புவுக்கு வார விடுமுறை. பெண்டாட்டிக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றிருந்தான்.

"ஜெபாம்மா, நத்தையை அழிச்சிட்டேன்!" என்றார் ஆதிநாராயணன். "புதுசு எழுதியிருக்கேன். பின்னாடி பாரு!"

லாரி இறங்கிப் போனது. சிவப்புப் பெயின்ட் இன்னும் பளபளத்தது.

'எடுத்துட்டேன்னு சொல்லாதே, எங்கே வச்சேன்னு சொல்லு.'

ரம்யா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஜெபா போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இன்னா பண்ணப்போற?" அன்பு கேட்டான்.

"படம் எடு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆங்! தடை பண்ண வார்த்தை! அபராதம் குடு!"

"அப்போ படத்தை வேற இன்னாய்யா பண்றதாம்? வண்டி போகுது, தள்ளு!"

எடுத்துவிட்டாள்.